கோட்டை வைத்தியருக்குக் கொடுத்த கூலி

கெளுத்தி முள் குத்தியதற்கெல்லாம் பசியாவரத்தில் யாரும் வலையை விட்டுக் கரையேற மாட்டார்கள். முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தபிறகு சாம்பலைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தால் மறுநாள் மறந்துபோகும். துளசிங்கமும் அப்படித்தான் செய்தான். ஆனால் முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் வலது பாதம் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிக் கறுத்தது. காய்ச்சலில் அவன் யார் யாரையோ பெயர் சொல்லி வலை இழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இத்தப் பாத்துக்கினு குந்திகினு கீறியே, மூக்கு இன்னாத்துக்கு உனக்கு? நாறுதுடி" என்றாள் இருசம்மாள். இவள் துளசிங்கத்தின் அக்கா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் குடிசையில் தனியாக இருப்பவள். வாயில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

துளசிங்கத்தின் பெண்சாதி லோகாம்பாள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நான் இன்னா பண்றது அண்ணி? சுண்ணாம்புக்குளத்துப் பண்டிதரு மூணு தபா வந்தாரு. நேத்து வந்து பாத்துட்டு, இனிமே என் கையில இல்லம்மானு சொல்லிட்டுப் பூட்டாரு."

"அப்ப கோட்டைக்கு இட்டுக்கினு போ."

"அங்க துட்டு கேப்பாங்களே."

"கேக்கட்டும். இங்கயே போட்டு வெச்சிருந்தா எமன் கேப்பான். அவன்கிட்ட பேரம் பேசுவியா நீ?"

பழவேற்காட்டுக் கோட்டை அப்போது உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கையில் இருந்தது. பசியாவரத்திலிருந்து ஏரியைத் தோணியில் கடந்தால் ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான். கோட்டைக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம். சிப்பாய்களின் பிள்ளைகளும் கோட்டையில் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகளும் அங்கே எழுத்துப் படித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி, எட்டுக் கட்டில் போட்ட ஒரு வைத்தியசாலை. பள்ளிப் பிள்ளைக்கும் சம்பளக்காரனுக்கும் அங்கே வைத்தியம் சும்மா. வெளியாள் என்றால் காசு. அந்தக் காசை வைத்தியனும், துரைமார் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாசியும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எவ்வளவு காசு என்பது துபாசி சுப்பராயலு காலையில் எந்த முகத்தில் விழித்தான் என்பதைப் பொறுத்தது.

வைத்தியன் பெயர் வில்லெம். பெயருக்கு வைத்தியன் என்றாலும் சிப்பாய்களுக்குச் சவரம் செய்வதும் அவன் வேலைதான். பெரிய துரைமார் சாப்பிடும் மேசையில் அவனுக்கு இடம் கிடையாது. குமாஸ்தாக்களுக்கும் கீழே, கடைசி மேசையில் தட்டு வைப்பார்கள். பதினோரு வருஷம் இந்த ஏரிக்காற்றைக் குடித்திருந்ததால் கொஞ்சம் தமிழ் வந்தது. துளசிங்கத்தின் பாதத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான்.

"முள் உள்ளே. வெட்டி எடுக்கணும். நாலு நாள் போனால் கால் போகும். எட்டு நாள் போனால் ஆள் போகும்."

"எடுத்துடு தொரை. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று லோகாம்பாள் கும்பிட்டாள்.

"புண்ணியத்த அப்பால பாக்கலாம். மூணு வராகன் வை" என்றான் சுப்பராயலு. பொன்னேரிப் பக்கத்து நெல்லுக்காரக் குடும்பம். தண்ணீரில் கால் நனைக்கப் பயப்படுவான். ஆனால் தண்ணீரிலிருந்து வருகிற எதையும் விடமாட்டான்.

"மூணு வராகனா? ஒரு வராகன் எந்த நெறத்துல இருக்கும்னு கூட எனக்குத் தெரியாதுங்க. மீனுக்கு நெல்லுதான் அளக்கறாங்க எங்களுக்கு."

"துட்டு இல்லனா சொத்து இருக்கும்ல? இந்த வருசம் முகத்துவாரப் பாடு உங்க வூட்டுக்கு விழுந்துதுனு கேள்விப்பட்டேன். அந்த ஒருநாள் பாட்டத் தொரைக்கு எழுதிக் குடு. ஒனக்கு மூணு வராகன் மிச்சம்."

ஏரி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் கழி நட்டு வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். அதனால் எந்த வீடு, எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை ஓலைநறுக்கில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அதிலும் முகத்துவாரப் பாடு ராஜா. மழை கொட்டி முகத்துவாரம் உடைத்துக்கொண்ட மறுநாள், ஏரித்தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இறால் கூட்டம் கூட்டமாக ஓடும். அந்த ஒருநாளை வைத்து ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடலாம். துளசிங்கத்தின் வீட்டுக்கு அது விழுந்தது பதினாறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"நான் ஊரக் கேக்கணும்" என்றாள் லோகாம்பாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் கங்கையம்மன் கல்லின் முன்னால் ஊர் கூடியது. பாடு உள்ள வீடுகள் நாற்பத்திரண்டு. ஊர்ப் பெரியதனக்காரர் கண்ணப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். லோகாம்பாள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாணிக்கம் துள்ளி எழுந்தான்.

"இன்னா பேசற நீ? நாளைக்கு இன்னொருத்தன் ஜொரம்னு ஒரு பாட்டக் குடுப்பான், அடுத்த நாளு இன்னொருத்தன் தலவலினு குடுப்பான். அப்பால கோட்டக்காரன் ஏரியில கழி நடுவான், நாம கரையில குந்தி வேடிக்க பாப்பமா? வெளியாளுக்குப் பாடு கெடையாது. அவ்ளோதான்."

"வெளியாளுக்குத்தான கெடையாது? உள்ளாளுக்கு உண்டுல்ல? அவனையும் சேத்துக்கோ. என் பங்குல அவன் பேரையும் எழுது மாமா. எல்லாரும் வாங்கறாப்புல வெத்தில வாங்கட்டும். எல்லாரும் எறங்கறாப்புல தண்ணியில எறங்கட்டும்" என்றாள் லோகாம்பாள்.

"தொரையா எறங்குவான்?" என்று நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எறங்கலனா பாடு இல்ல. எறங்கினா என் வூட்டுக்காரனுக்குக் காலு கெடைக்கும். நீங்க சிரிக்கறதுக்குள்ள அவன் காலு அழுவிடும் மாமா."

கண்ணப்பன் சிரித்தவர்களைக் கையமர்த்தினார். "நாளைக்குக் காத்தால அவன இட்டுக்கினு வாங்க. மூணு சொல்லுக்குத் தலையாட்டினா சேத்துக்கலாம்" என்றார்.

லோகாம்பாள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் செய்தாள் என்று பிற்பாடு பசியாவரத்தில் பெருமையடித்துக் கொண்டார்கள். அதெல்லாம் சும்மா. அன்றைக்கு அவள் மண்டையில் புருஷனின் கால் தவிர வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் வில்லெம் வந்தான். பக்கத்தில் ஓலையும் எழுத்தாணியுமாகச் சுப்பராயலு. மீன்காரர்கள் ஏமாற்றிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் எழுத்தில் ஏறவேண்டும், கையெழுத்துக்குப் பதில் ஊர் கீறல் போடவேண்டும் என்றான். கண்ணப்பன் மூன்று சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"மொத சொல்லு. உன் பாட்டுக்கு நீயே எறங்கிக் கழி நடணும். ரெண்டாஞ் சொல்லு. வந்ததுல தாலியறுத்தவங்களுக்கும் படுக்கையில கீறவங்களுக்கும் உன் கையால மொதல்ல குடுக்கணும். மூணாஞ் சொல்லு. பாடு வீடு எதுலயாவது சாவு, நெருப்பு, சீக்குனு வந்தா கையில இருக்கறத அப்டியே போட்டுட்டு ஓடணும். கூலி வாங்கக் கூடாது. சொல்லு தவறினா, தண்ணியில எடுத்தத எல்லாம் ஊருப் பொதுவுல திருப்பிக் கொட்டிட்டுப் போயிடணும்."

"என்ன சொல்கிறார்?" என்று வைத்தியன் தன் பாஷையில் கேட்டான். "ஏதோ சாமி காரியம். தலையை ஆட்டிவிட்டு வாருங்கள்" என்று அதே பாஷையில் சொன்னான் சுப்பராயலு. அவன் கண் முகத்துவாரத்தின் பக்கமே இருந்தது. வைத்தியன் மூன்று தரம் தலையாட்டினான். கொடுத்த வெற்றிலையை மெல்லத் தெரியாமல் அப்படியே விழுங்கிவிட்டு இருமினான். ஊர் சிரித்தது, அவனும் சிரித்தான்.

அன்று மத்தியானமே வெட்டு நடந்தது. துளசிங்கத்தின் வாயில் சாராயத்தை ஊற்றி நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அவன் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நின்றுபோனது. அரைப்படி சீழ் வந்தது. கடைசியில் நகத்துண்டு அளவுக்கு ஒரு முள். இத்துனூண்டு முள்ளா தன் வீட்டைச் சாய்க்கப் பார்த்தது என்று லோகாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வைத்தியன் எண்ணெய்த்துணி வைத்துக் கட்டினான். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், நிறுத்தினால் மறுபடி அழுகும் என்று எச்சரித்து அனுப்பினான்.

எட்டாம் நாள் வாடைக்காற்றோடு மழை கொட்டி முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. மறுநாள் விடிந்ததும் வைத்தியன் தோணியில் வந்து இறங்கினான். சேற்றில் முழங்கால்வரை புதைந்து, ஒரு செருப்பைப் பறிகொடுத்து, கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "ஆழமா குத்து தொரை! பொண்டாட்டியத் தொடறாப்புல தொடாத!" என்று கரையிலிருந்து கத்தினார்கள். அவனுக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரியாதது நல்லதுதான். நீர் வடியத் தொடங்கியதும் இறால் வந்தது. வலையைத் தூக்க ஆறு பேர் போதவில்லை. பதினோரு கூடை. முதல் கூடையை வைத்தியன் தன் கையால் இருசம்மாளின் கையில் கொடுத்தான். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் பல். அவன் அப்படிச் சிரித்துக் கோட்டையில் யாரும் பார்த்ததில்லை.

கரையில் நின்ற லோகாம்பாளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பதினாறு வருஷம் காத்திருந்த பாடு கண்ணெதிரே கூடை கூடையாகப் போகிறது. கால் பிழைத்தது, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள்.

ஏழாவது கட்டுக்குப் போனபோது வாசலிலேயே சுப்பராயலு மறித்தான்.

"வெட்டினதுக்குத்தான் பாடு. கட்டு யாரு கணக்கு? கட்டுக்கு ரெண்டு பணம். ஆறு கட்டுக்குப் பன்னெண்டு பணம் பாக்கி. எண்ணெ தனி. அன்னிக்குக் கட்டில்ல படுக்க வெச்சது தனி. வெச்சிட்டு உள்ள போ."

"முன்னாடியே ஏன் சொல்லல சாமி?"

"நீ கேக்கல."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஊறி, பழைய நாற்றம் திரும்பியது. மறுபடியும் வாசலுக்குப் போய் மறுபடியும் விரட்டுப்பட்டுத் திரும்பும்போது, தோணியில் துளசிங்கம் சொன்னான்: "வுடுமே. காலு போனா போவுது. ஒத்தக் கால்ல குந்திக்கினு வல பின்னுவேன்."

"வாய மூடு" என்றாள் லோகாம்பாள். துடுப்புப் போட்டுக்கொண்டே அழுதாள்.

இருசம்மாள் தோணியின் முனையில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் படுபாவி துபாசிதான். தொரை அப்டிப்பட்டவன் இல்லடி. என் கையில ஒரு கூட எறா குடுத்தானே, மொகம் சுளிச்சானா? கண்ணப்பன் சொன்னாரு, குடுத்தான். சொல்லுக்குக் கட்டுப்பட்டான்."

லோகாம்பாள் துடுப்பை நிறுத்தினாள்.

"அண்ணி. அது ரெண்டாஞ் சொல்லு."

"ஆமா, அதுக்கின்னா?"

"மூணாஞ் சொல்லு இன்னா?"

இருசம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. அவள் வாய் சத்தமில்லாமல் திறந்திருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அடுத்தநாள் காலை கோட்டை வாசலுக்கு நாற்பத்தொரு தோணி வந்தது. காவல்காரர்கள் கலகம் என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கலகக்காரர்கள் கையில் ஒரு கழிகூட இல்லை. துளசிங்கத்தை ஒரு கட்டிலில் தூக்கி வந்து வாசலுக்கு நேரே இறக்கினார்கள். சத்தம் கேட்டு வைத்தியன் பாதிச் சவரத்தில் கத்தியோடு ஓடிவந்தான்.

"தொரை, உன் பங்காளி வூட்ல சீக்கு. கட்டு மாத்த உன் ஆளு துட்டு கேக்கறான்" என்றார் கண்ணப்பன்.

சுப்பராயலு நடுவில் பாய்ந்தான். "வைத்தியம் பாக்கறது அவரு தொழிலு! தொழிலுக்குக் கூலி கேக்காம?"

லோகாம்பாள் முன்னால் வந்தாள். "போன வருசம் மாணிக்கத்தோட நைனா செத்தப்ப, பொணத்த அக்கரைக்கு ஏத்திக்கினு போனது என் வூட்டுக்காரன். தோணி வலிக்கறதுதான் அவன் தொழிலு. கூலி கேட்டானா? கேளு, மாணிக்கம் இங்கதான் கீறான்."

"கேக்கல" என்றான் மாணிக்கம். "குடுத்திருந்தா மூஞ்சியில வுட்டெறிஞ்சிருப்பான்."

"இதுக்கெல்லாம் எழுத்து எங்க இருக்கு?" என்று கத்தினான் துபாசி.

"உன் கையாலதான எழுதின? எடுத்து வாசி."

ஓலை வந்தது. சுப்பராயலு முதல் சொல்லை வாசித்தான். இரண்டாவதை வாசித்தான். மூன்றாவதுக்கு வந்ததும் ஓலையைக் கீழே இறக்கினான். கண்ணப்பன் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். கூலி வாங்கக் கூடாது. தவறினால் எடுத்ததைக் கொட்டிவிட்டுப் போகவேண்டும்.

வைத்தியன் மெதுவாகக் கேட்டான். "நான் விட்டுப் போனால்?"

"பதினோரு கூடையும் கொட்டு."

இறால் விற்ற காசில் அவன் வாங்கிய துணிமூட்டை கப்பலேறி நாலு நாளாகியிருந்தது. வைத்தியன் மழிக்காத பாதிக் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"இருந்தால்? அடுத்த வருஷம் குடத்தில் என் பெயர் இருக்குமா?"

"இருக்கும்" என்றார் கண்ணப்பன். "என் பேரு கூடவே கெடக்கும். எங்களுக்குள்ள மேல கீழ கெடையாது தொரை. குலுக்கறது குடம்."

வைத்தியன் கோட்டையை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பதினோரு வருஷமாகக் கடைசி மேசையில் உட்கார்ந்தவனுக்கு அந்த வார்த்தை என்ன செய்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கத்தியை மடக்கி இடுப்பில் செருகிவிட்டு, கட்டிலின் ஒரு காலைத் தானே பிடித்துத் தூக்கினான். உள்ளே போகும்போது துபாசியிடம், "எழுது. பாடு வீட்டு ஆள் வந்தால் காசு இல்லை" என்றான்.

"பதினோரு கூட அவன்கிட்டயே இருக்கட்டுமா?" என்று மாணிக்கம் முணுமுணுத்தான்.

"இருக்கட்டும்" என்றாள் லோகாம்பாள். "எறா அடுத்த மழைக்கும் வரும். வைத்தியன் வருவானா?"

நாற்பத்தொரு தோணியில் வந்தவர்கள் சும்மா திரும்புவார்களா? அன்றைக்கே ஒருவன் பல்லைக் காட்டினான், ஒருத்தி பிள்ளையின் காதைக் காட்டினாள், கண்ணப்பன் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த முதுகுக் கட்டியைக் காட்டினார். வைத்தியன் சாயங்காலம்வரை குனிந்த தலை நிமிரவில்லை. சுப்பராயலு எல்லார் பெயரையும் எழுதி, எதிரே காசு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தான். எனக்கென்னவோ அதை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

மறுவருஷம் குடத்தில் வில்லெம் என்ற நறுக்கும் விழுந்தது. மாசி மாதத்தில் ஒரு நடுத்தரமான பாடு. அவன் இடுப்பளவுத் தண்ணீரில் கழி நட்டு, வலை கட்டி, நீர் வடிய ஆரம்பித்து, முதல் இறால் துள்ளுகிற நேரத்தில் கரையிலிருந்து லோகாம்பாள் கத்தினாள்.

"தொரை! மாணிக்கத்துக்குப் பாய்மரம் சாஞ்சி மண்ட பொளந்துடுச்சி! ஓடியா!"

வைத்தியன் வலையைப் பார்த்தான். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். அப்படியே போட்டுவிட்டுச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினான். மாணிக்கத்தின் மண்டையில் ஒன்பது தையல். ரத்தம் நின்று, அவன் கண் திறந்து தண்ணீர் கேட்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நீர் வடிந்து முடிந்திருக்கும். பாடு போனதுதான் என்று வைத்தியன் வெறுங்கையோடு கோட்டைக்குத் திரும்பினான்.

அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. பசியாவரத்து ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவன் விட்டுப்போன வலையை ஊர் இழுத்திருந்தது. தாலியறுத்தவர்களுக்குக் கொடுத்தது போக ஏழு கூடை. முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு துளசிங்கம் நடந்து வந்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிய நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் லோகாம்பாள் இன்னொரு கூடையோடு.

சுப்பராயலு வழக்கம்போலக் கையை நீட்டி மறித்தான்.

"நில்லு. இவ்ளோ தூரம் தூக்கியாந்ததுக்கு எவ்ளோ கூலி கேக்கப் போற? மொதல்ல சொல்லிடு. அப்பால பேஜார் வாணாம்."

துளசிங்கம் கூடையை இறக்கவே இல்லை.

"பங்காளி வூட்டுக்குத் தூக்கியாந்ததுக்குக் கூலியா? வெளியாளு மாதிரியே பேசறியேப்பா" என்றான். "தள்ளு, எறா வெயில்ல காயுது."

துபாசி தள்ளி நின்றான்.